கற்றுக்கொண்டவனுக்குக் கடன் உண்டு, கற்றுக்கொடுத்தவனுக்கு இல்லை

இது நீண்ட பதிவு. சொந்தத் தொழில் செய்கிறவர்களும், அவர்களுக்குக் கடன் தரும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவர்களும் கடைசி வரை படித்தால் மகிழ்வேன். எழுதுவது ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் என்பதால் நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும். பயப்பட வேண்டாம், எட்டாம் வகுப்புக் கணக்குதான்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வீடு வாங்கக் கடன் கேட்டுப் போகிறவரிடம், "உங்களால் திருப்பிக் கட்ட முடியுமா என்றுதான் பார்க்கிறோம்" என்று வங்கிகள் சொல்கின்றன. நியாயமான கேள்விதான். ஊரார் டெபாசிட் போட்ட பணம் அது, யாருக்கும் அள்ளிக் கொடுத்துவிட முடியாது. ஆனால் நடைமுறையில் அங்கே கேட்கப்படுவது வேறு கேள்வி: "உனக்கு மாதச் சம்பளம் தருகிறவர் யார்?" எனக்கு நானேதான் என்று பதில் சொல்கிறவர் அந்த நிமிடமே சந்தேகத்துக்குரியவர் ஆகிவிடுகிறார்.

அப்படிப் பதில் சொல்லக்கூடியவர்கள் இந்த நாட்டில் எத்தனை பேர்? மத்திய அரசின் 2023-24 தொழிலாளர் கணக்கெடுப்புப்படி, வேலை செய்கிறவர்களில் 58.4 சதவீதம் பேர் சுயதொழில் செய்வோர். மாதச் சம்பளக்காரர்கள் 21.7 சதவீதம். மீதிப் பேர் தினக்கூலி. சுயதொழில் கணக்கில் விவசாயிகளும், குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமல் கைகொடுக்கும் மனைவி மக்களும் சேர்த்தி. அவர்களை ஒதுக்கி வைத்துவிட்டுப் பார்த்தாலும் சம்பளச் சீட்டு வாங்குகிறவர்கள் இங்கே சிறுபான்மைதான். ஐந்தில் ஒருவருக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையை மீதி நான்கு பேருக்கும் மாட்டிப் பார்த்து, உங்கள் உடம்புதான் கோணல் என்கிறது வங்கி.

என் பழைய மாணவன் ஒருவன் கோவையில் கணபதிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கிறான். பெயர் வேண்டாம், அவனுக்கு இன்னும் அந்த வங்கியில்தான் கணக்கு இருக்கிறது. பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்கில் 41 மார்க் வாங்கியவன். இன்று நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் பிசகாமல் கடைசல் பிடிக்கிறான். பதினாறு வருடத் தொழில். நான்கு பேருக்கு வேலை தருகிறான். பம்ப் கம்பெனிகளுக்கு ஜாப் ஆர்டர். வருடத்துக்கு 30 லட்சம் ரூபாய்க்கு பில் போடுகிறான். கூலி, கரண்ட், பட்டறை வாடகை, டூல் செலவு எல்லாம் போக மாதம் ஐம்பதாயிரத்துக்குக் குறையாமல் கையில் நிற்கிறது.

அன்னூர் ரோட்டில் இரண்டரை சென்ட்டில் ஒரு சின்னத் தார்சு வீடு விலைக்கு வந்தது. விலை 34 லட்சம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று அரசுக்கு ஒரு மூன்று லட்சம். ஊரில் பாகம் பிரித்ததில் வந்தது, சீட்டு எடுத்தது, மனைவியின் நகையை விற்றது எல்லாம் சேர்த்து 17 லட்சம் புரட்டிவிட்டான். கேட்டது 20 லட்சம் கடன். 34 லட்சம் ரூபாய் வீட்டுக்கு 20 லட்சம்.

அவன் கேட்டுக்கொண்டதால் ஒரு நாள் நானும் கூடப் போனேன். பொதுத்துறை வங்கி ஒன்றின் கிளை. கேட்ட காகிதங்களைச் சொல்கிறேன். மூன்று வருட வருமான வரிக் கணக்கு. மூன்று வருட லாப நட்டக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு, இரண்டிலும் ஆடிட்டர் கையெழுத்தும் முத்திரையும். ஜி.எஸ்.டி. ரிட்டர்ன். உத்யம் சான்றிதழ். நடப்புக் கணக்குக்கு ஒரு வருட ஸ்டேட்மென்ட், சேமிப்புக் கணக்குக்கு ஒரு வருட ஸ்டேட்மென்ட். பட்டறை வாடகை ஒப்பந்தம். கரண்ட் பில். பெயர்ப் பலகை தெரியும்படி பட்டறை போட்டோ. சம்பளக்காரர் என்றால் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, படிவம் 16, ஆறு மாத ஸ்டேட்மென்ட். பெரும்பாலும் அவ்வளவுதான்.

காகிதம் கேட்பதில் எனக்கு வருத்தமில்லை. எல்லாவற்றையும் அவன் கொடுத்தான். கொடுத்ததை எப்படிப் படித்தார்கள் என்பதுதான் வருத்தம்.

அதிகாரி ஸ்டேட்மென்ட்டைப் புரட்டினார். "பிப்ரவரியில வரவே இல்லையே, ஏன்?"

"கம்பெனிக்காரங்க தொண்ணூறு நாள் கழிச்சுத்தானுங்க சார் பணம் போடுவாங்க. மார்ச்சுல மொத்தமா வந்திருக்குதுங்க, பாருங்க."

"அதுதான் பிரச்சனை. சீரா வரணும்."

சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் தந்துவிட வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்றும் சொல்கிறது. தனக்கு ஆர்டர் தருகிற கம்பெனி மேல் எந்தப் பட்டறைக்காரன் வழக்குப் போடுவான்? பெரிய கம்பெனி சட்டத்தை மீறித் தாமதம் செய்கிறது. அந்தத் தாமதம் சின்னவனின் ஸ்டேட்மென்ட்டில் குறையாகப் பதிவாகிறது. தாமதம் செய்த கம்பெனிக்கு அதே வங்கியில் சிவப்புக் கம்பளம்.

ஏழு வாரம் ஆனது. பதில் எழுத்தில் வரவில்லை, வாயில் வந்தது. "சிஸ்டம் எடுக்கல. ஏழெட்டு லட்சம்னா பார்க்கலாம். இல்லேன்னா கவர்மென்ட் வேலையில இருக்கிற யாராவது கூட்டு விண்ணப்பதாரரா வந்தா பார்க்கலாம்."

ஏன் எடுக்கவில்லை? கணக்குக்கு வருவோம்.

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் 44ஏடி என்று ஒரு பிரிவு. சிறிய தொழில் செய்கிறவர்கள் விலாவாரியாகக் கணக்குப் புத்தகம் எழுதிக்கொண்டு சிரமப்பட வேண்டாம் என்று அரசே செய்து கொடுத்த வசதி. வருட விற்றுவரவு 2 கோடிக்குள் இருந்தால் (ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி வரை) அதில் 8 சதவீதத்தை லாபம் என்று காட்டி வரி கட்டிவிடலாம். வங்கி வழியாகவும் யு.பி.ஐ. வழியாகவும் வந்த பணத்துக்கு 6 சதவீதம் காட்டினாலே போதும். அதற்கு மேல் லாபம் என்றால் கூடுதலாகக் காட்டலாம். இந்தப் பிரிவில் வருகிறவர் கணக்குப் புத்தகம் வைத்திருக்க வேண்டியதில்லை, தணிக்கையும் தேவையில்லை.

என் மாணவனின் ஆடிட்டர் இந்தப் பிரிவில்தான் கணக்குத் தாக்கல் செய்கிறார். 30 லட்சத்தில் 8 சதவீதம் 2,40,000. மாதத்துக்கு 20,000. அதில் பாதிதான் தவணைக்குப் போகலாம் என்பது வங்கியின் கணக்கு, ஆகவே 10,000. எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை 868 ரூபாய். பத்தாயிரத்தை 868ஆல் வகுத்தால் பதினொன்றரை லட்சம். அதிலும் "சுயதொழில்" என்று கொஞ்சம் கழித்து ஏழெட்டு.

இதில் ஒரு வேடிக்கை. அவனுக்கு வரவு முழுக்க வங்கி வழியாகத்தான் வருகிறது. ஆடிட்டர் 6 சதவீதம் போட்டிருந்தால் வருமானம் 1,80,000 ஆகியிருக்கும், கிடைக்கும் கடன் இன்னும் குறைந்திருக்கும். எல்லாவற்றையும் டிஜிட்டலில் செய்யுங்கள் என்று ஒரு கை தட்டிக் கொடுக்கிறது. அப்படிச் செய்தவனின் வருமானத்தைக் குறைத்து மதிப்பிடுகிறது இன்னொரு கை. கணக்குப் புத்தகம் வேண்டாம் என்கிறது வரித்துறை. மூன்று வருட இருப்புநிலைக் குறிப்பு எங்கே என்கிறது வங்கி. இரண்டும் அரசுடையவைதானே? ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே மாட்டார்களா?

இங்கே ஒரு நண்பர் பின்னூட்டம் போடப் போகிறார், எனக்குத் தெரியும். "வரி கட்டும்போது வருமானத்தைக் குறைத்துக் காட்டுவது, கடன் வாங்கும்போது மட்டும் கூட்டிக் காட்டுவது. இது என்ன நியாயம்?" கேட்க வேண்டிய கேள்வி. வேண்டுமென்றே மறைக்கிறவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஐந்து லட்சம் சம்பாதித்து ஒன்றரை லட்சம் என்று எழுதிக் கொடுத்தவர் அந்த ஒன்றரை லட்சத்துக்கு உரிய கடனைத்தான் பெறுவார். அவர் வினையை அவர் அனுபவிக்கட்டும்.

ஆனால் 44ஏடியில் வருகிறவர்கள் எல்லோரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கக் கூடாது. அந்த 8 சதவீதம் அரசு வரி போடுவதற்காக வைத்துக்கொண்ட ஒரு உத்தேச அளவு. ஒருவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்பதன் அளவு அது ஆகாது. அந்த ஒற்றை எண்ணைத் தாண்டிப் பார்க்க வங்கியிடம் எத்தனையோ இருக்கின்றன. 30 லட்சம் விற்றுவரவு ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் இருக்கிறது. அந்தப் பணம் வந்து போன தடம் அந்த வங்கியின் கணக்கிலேயே இருக்கிறது. பதினோரு வருடமாக ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய வீட்டு வாடகை இருக்கிறது.

அந்த வாடகையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இப்போது மாதம் 14,000 கட்டுகிறான். கேட்ட 20 லட்சத்துக்கு எட்டரை சதவீதத்தில் தவணை 17,356. இரண்டுக்கும் வித்தியாசம் 3,356 ரூபாய். பதினான்காயிரத்தைப் பதினோரு வருடம் தவறாமல் கட்டியவனைப் பார்த்து, உன்னால் பதினேழாயிரம் கட்ட முடியாது என்கிறார்கள். கிரெடிட் கார்டில் இரண்டாயிரம் ரூபாய் பாக்கி வைத்தால் சிபிலில் ஏறிவிடுகிறது. பதினோரு வருட வாடகை ஒழுக்கம் எங்கேயும் ஏறுவதில்லை.

ஏறியவையும் உண்டு. சி.என்.சி. மெஷினுக்கு இதே வங்கியில்தான் கடன் வாங்கியிருந்தான். 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது நினைவிருக்கும். பட்டறை பூட்டிக் கிடந்தபோது அவனும் இரண்டு மாதம் தள்ளிப்போட்டான். மூன்றாம் மாதம் கட்டத் தொடங்கி 2022ல் கடனை முடித்துவிட்டான். கடன் வாங்கித் திருப்பிக் கட்டுவான் என்பதற்கு அந்த வங்கியின் லெட்ஜரே சாட்சி.

இப்போது தலைப்பில் சொன்ன விஷயம். இவனிடம் ஆறு வருடம் இருந்து தொழில் கற்றுக்கொண்ட ஒரு பையன், இவன் வேலை செய்து தரும் பம்ப் கம்பெனி ஒன்றிலேயே ஆபரேட்டராகச் சேர்ந்தான். சம்பளம் 28,000. சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவனும் வீட்டுக் கடன் கேட்டான். மூன்று சம்பளச் சீட்டு கொடுத்தான். மூன்று வாரத்தில் 16 லட்சம் கிடைத்தது. நல்ல பையன், கிரகப் பிரவேசத்துக்கு நானும் போய் வந்தேன். அவனுக்குக் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், அவன் குருவுக்கும் மகிழ்ச்சிதான். மொய் எழுதிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது என் மாணவன் சொன்னான்: "அவனுக்கு கம்பெனி மாசாமாசம் ஒண்ணாந்தேதி சம்பளம் போடுதுங்க சார். அதே கம்பெனி எனக்கு மூணு மாசம் கழிச்சுப் போடுது. பேங்க்காரங்களுக்கு அவன் நம்பிக்கையானவன், நான் டவுட்டுங்க." சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

சம்பளம் நிலையானது, தொழில் ஆட்டம் காணக்கூடியது என்பது வங்கிகளின் நம்பிக்கை. அரசு ஊழியருக்கு அது பொருந்தும். தனியார் வேலைக்கு எவ்வளவு பொருந்தும்? சம்பளக்காரருக்கு இருக்கும் வாடிக்கையாளர் ஒரே ஒருவர், அவருடைய முதலாளி. அவர் ஒரு வெள்ளிக்கிழமை மாலை மெயில் அனுப்பினால் வருமானம் பூஜ்யம். பட்டறைக்காரனுக்கு ஒன்பது கம்பெனி. ஒன்று போனால் எட்டு இருக்கும். தொழிலில் ஏற்ற இறக்கம் உண்டு, மறுக்கவில்லை. சில தொழில்கள் மூழ்கும், மூழ்கியதையும் பார்த்திருக்கிறேன். அதற்காகத்தான் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்க்கச் சொல்கிறேன். பதினாறு வருடம் நின்ற பட்டறையும் போன தைமாதம் திறந்த கடையும் ஒரே "சுயதொழில்" கட்டத்துக்குள் விழுவது மதிப்பீடே ஆகாது. சோம்பல்.

வங்கிக்கு ஆபத்து என்கிறார்கள். என்ன ஆபத்து? வீட்டுப் பத்திரம் வங்கியின் பெட்டகத்தில் இருக்கப் போகிறது. தொண்ணூறு நாளுக்கு மேல் தவணை நின்றால் வாராக்கடன். அதன்பின் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி அறுபது நாள் நோட்டீஸ் கொடுத்து, வழக்குப் போட்டுத் தீர்ப்புக்குக் காத்திராமலே சொத்தைக் கைப்பற்ற வங்கிக்கு அதிகாரம் உண்டு. சம்பளக்காரர் வீட்டுக்கும் பட்டறைக்காரர் வீட்டுக்கும் சட்டம் ஒன்றுதான். வீட்டுக் கடனுக்காக வங்கி எவ்வளவு மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் விதிகூட, கடன் தொகை எவ்வளவு, வீட்டு மதிப்பில் அது எத்தனை சதவீதம் என்றுதான் பார்க்கிறது. கடன் வாங்கியவர் சம்பளக்காரரா, தையல்காரரா என்று பார்ப்பதில்லை. இந்தப் பாகுபாட்டை ரிசர்வ் வங்கி எழுதி வைக்கவில்லை. வங்கிகள் தாங்களாக வளர்த்துக்கொண்டவை.

கிளை மேலாளர்களைத் திட்டி எழுதுவது எளிது. நான் அதைச் செய்யப் போவதில்லை. என்னிடம் படித்தவர்களில் வங்கி அதிகாரிகளும் உண்டு. அவர்கள் சொல்வது: "சம்பளக்காரர் கடன் வாராக்கடன் ஆனா யாரும் கேட்க மாட்டாங்க சார். சுயதொழில்காரர் கடன் வாராக்கடன் ஆனா, எதைப் பார்த்துக் கொடுத்தேன்னு விசாரணை வரும்." கொடுத்தவரைத் துளைத்து எடுக்கும் நிர்வாகம், தகுதியானவருக்குக் கொடுக்காமல் அனுப்பியவரை ஒரு வார்த்தை கேட்பதில்லை. அப்படியிருந்தால் எந்த மனிதரும் கொடுக்காமல் இருப்பதைத்தான் தேர்ந்தெடுப்பார். கோளாறு மேலே இருக்கிறது.

நம் ஊர் வங்கிகளின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இது இன்னும் உறுத்தும். கும்பகோணத்தில் 1904ல் தொடங்கியது இன்றைய சிட்டி யூனியன் வங்கி. ஆர்பத்நாட் கம்பெனி 1906ல் திவாலாகி மக்கள் பணம் முழுகிப்போன பிறகு, 1907ல் இந்தியன் வங்கி பிறந்தது. அதில் நகரத்தார் பங்கு பெரிது. 1916ல் கரூர் வைஸ்யா வங்கி. 1921ல் தூத்துக்குடியில் நாடார் வணிகர்கள் தொடங்கிய வங்கிதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. இவற்றுக்குப் பின்னால் நின்ற வணிகர்கள் யாராவது சம்பளச் சீட்டு வைத்திருந்தார்களா? கடைக்காரரும் மண்டிக்காரரும் கொண்டுவிற்பவரும் சேர்ந்து வளர்த்த வங்கிகள் இவை. அன்று ஒருவரை எடைபோட ஒரு சொல் இருந்தது: நாணயம். காசுக்கும் அதுதான் பெயர், சொன்ன சொல் தவறாத குணத்துக்கும் அதுதான் பெயர். 1969ல் 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோது, சிறு தொழில் செய்கிறவர் வாசலுக்கும் வங்கி போகும் என்று சொன்னார்கள். நம் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் அந்தப் பதினான்கில் அடக்கம்.

இன்று யார் வாசலுக்கு வங்கி வருகிறது தெரியுமா? என் வாசலுக்கு. எனக்கு 68 வயது. இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாயிற்று. வாரம் இரண்டு முறையாவது போன் வருகிறது. "சார், உங்க பென்ஷனுக்கு அஞ்சு லட்சம் ப்ரீ அப்ரூவ்டா இருக்கு, ஒரு ஓ.டி.பி. சொன்னா போதும்." எனக்கு எதற்கம்மா ஐந்து லட்சம்? 1994ல் தலைமை ஆசிரியர் கையெழுத்துப் போட்ட ஒரு சம்பளச் சான்றிதழை வைத்து நான் வீடு கட்டி முடித்துவிட்டேன். வேண்டாதவனைத் துரத்தித் துரத்திக் கடன் கொடுக்க வருகிறவர்கள், வேண்டியவன் ஏழு வாரம் நடந்தும் ஒரு கடிதம்கூடத் தரவில்லை.

வங்கி மறுத்தால் வீடு வேண்டாம் என்று யாரும் இருந்துவிடுவதில்லை. அடுத்த கதவைத் தட்டுவார்கள். வீட்டுக் கடன் நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே ஆள் நேரில் வந்து பட்டறையைப் பார்ப்பார், எத்தனை மெஷின் ஓடுகிறது என்று எண்ணுவார், பக்கத்துக் கடையில் விசாரிப்பார். வங்கி செய்ய மறுத்த வேலையை அவர் செய்கிறார். அதற்கு விலை வட்டியில் இருக்கிறது. இந்த மாதிரி விண்ணப்பங்களுக்குப் 13 சதவீதம் சாதாரணம். அதே 20 லட்சம், அதே இருபது வருடம், 13 சதவீதத்தில் தவணை 23,432. வங்கித் தவணையைவிட மாதம் 6,076 கூடுதல். 240 மாதத்தால் பெருக்குங்கள். 14 லட்சத்து 58 ஆயிரத்துச் சொச்சம். சம்பளச் சீட்டு இல்லை என்ற ஒரே காரணத்துக்கு அபராதம் பதினான்கரை லட்சம்!

இன்னொன்றும் யோசியுங்கள். 17,356 கட்ட இவனால் முடியாது என்று வங்கி அனுப்பிவிட்ட பிறகு இவன் 23,432 கட்டப் போகிறான். ஆபத்து குறைந்ததா, கூடியதா? அந்தக் கதவும் திறக்காதவர்கள் கந்துவட்டிக்குப் போகிறார்கள். அதைத் தடுக்க 2003ல் தமிழ்நாட்டில் சட்டம் போட்டோம். வங்கியின் கதவு மூடியிருக்கும்வரை அந்தச் சட்டத்தால் எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்?

வங்கிகளிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. சலுகை வேண்டாம், வட்டி மானியம் வேண்டாம். வரிக் கணக்கின் ஒற்றை எண்ணோடு நிற்காமல், ஜி.எஸ்.டி. விற்றுவரவையும் கணக்கில் வந்து போகும் பணத்தையும் சேர்த்துப் பாருங்கள். விண்ணப்பதாரர் சம்மதித்தால் அவருடைய எல்லா வங்கிக் கணக்குத் தகவலையும் நேரடியாகப் பெற்றுக்கொள்ள 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' என்ற ஏற்பாடே 2021லிருந்து நடைமுறையில் இருக்கிறது, தகவல் இல்லை என்ற சாக்கு இனி செல்லாது. மாதத்தை மாதத்தோடு ஒப்பிடாமல் வருடத்தை வருடத்தோடு ஒப்பிடுங்கள். வங்கி வழியாகக் கட்டிய வாடகையைத் தவணை கட்டும் தகுதிக்குச் சான்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சிபில் மதிப்பெண் உள்ள இருவரில் ஒருவர் சுயதொழில் என்பதற்காக வட்டியைக் கூட்டாதீர்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். இந்தக் கடைசி விஷயம் என் கோரிக்கைகூட இல்லை. எல்லா வகைக் கடனுக்கும் மறுப்பின் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை விதி. "சிஸ்டம் எடுக்கல" என்பது காரணம் ஆகாது.

வாத்தியார் புத்தி, வீட்டுப் பாடம் கொடுக்காமல் விட முடியவில்லை. சொந்தத் தொழில் செய்கிற என் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்.

1. வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் மூன்று வருடம் முன்பே தயாராகுங்கள். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரி முறையில் தொழில் வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் வரி கட்ட வேண்டியதில்லை. வரிக்குப் பயந்து லாபத்தைக் குறைத்துக் காட்ட இனிக் காரணமே கிடையாது. உண்மையான லாபத்தைக் காட்டச் சொல்லி ஆடிட்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கெடு தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள்.

2. தொழில் வரவு எல்லாம் ஒரே நடப்புக் கணக்கில் விழட்டும். அதிலிருந்து மாதாமாதம் ஒரே தேதியில் ஒரே தொகையை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றுங்கள். உங்களுக்கு நீங்களே சம்பளம் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு வாடகையையும் அந்தக் கணக்கிலிருந்தே அனுப்புங்கள், கையில் கொடுக்க வேண்டாம்.

3. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வாங்கிப் பாருங்கள். தவறு இருந்தால் புகார் கொடுங்கள். முப்பது நாளுக்குள் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு.

4. கடன் மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு மனுக் கொடுங்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லாமல் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் உண்டு. கடன் கொடுத்தே ஆக வேண்டும் என்று அவர் உத்தரவிட மாட்டார், அது வங்கியின் முடிவு. ஆனால் பதில் சொல்லாமல் இழுத்தடித்ததை அவரால் கேட்க முடியும்.

5. வேறு வழியில்லாமல் அதிக வட்டிக்குப் போனால், கையெழுத்துப் போடுமுன் முக்கிய விவர அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். 2024 அக்டோபர் முதல் அது கட்டாயம். எல்லாச் செலவும் சேர்ந்த வருட வட்டி அதில் இருக்கும். மாறும் வட்டிக் கடனாக எடுங்கள். தனிநபர் வீட்டுக் கடனை முன்கூட்டி முடித்தால் அதற்கு அபராதம் வாங்கக் கூடாது. இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் குறைந்த வட்டி தரும் வங்கிக்கு மாற்றிக்கொள்ளப் பாருங்கள்.

என் மாணவன் இன்னும் முடிவெடுக்கவில்லை. வீட்டுக்காரர் ஆடி முடியும்வரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறார். எழுத்தில் காரணம் கேட்டுப் போன வாரம் மனுக் கொடுத்திருக்கிறோம். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன், வராவிட்டாலும் எழுதுகிறேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் பின்னூட்டத்தில் எழுதுங்கள். வங்கியின் பெயர் வேண்டாம். என்ன தொழில், எத்தனை வருடம், என்ன காரணம் சொன்னார்கள் என்று மட்டும் எழுதுங்கள். வங்கியில் வேலை பார்க்கிறவர்களும் எழுதுங்கள், உங்கள் பக்கத்தையும் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் தொகுத்து மனுவாக்கி அனுப்பலாம் என்றிருக்கிறேன். ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை!